நாய் இருக்கும் வீட்டில் வில் பழகுவது

வீட்டில் வில் பழகத் தொடங்குகிறவர்கள் இலக்கை எங்கே வைப்பது, எத்தனை மீட்டர் கிடைக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். நாயோ பூனையோ வளர்கிற வீடாக இருந்தால் யோசனை கதவிலிருந்து தொடங்க வேண்டும். எந்தக் கதவு தாழ்ப்பாளோடு நிற்கும், எதை நாய் முட்டித் திறந்துவிடும், பயிற்சி நடக்கும்போது வீட்டில் யார் வந்து திறக்கக்கூடும் என்பது தெரியாமல் அம்பைத் தொடவே கூடாது.

"எங்கள் நாய் சொன்னபடி கேட்கும், உட்கார் என்றால் அசையாது" என்று பலரும் நம்பிக்கையோடு சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 பவுண்டு இழுவிசை உள்ள தொடக்கநிலை வில்லிலிருந்து கிளம்பும் அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேகத்தில் போகும். 10 மீட்டர் தொலைவைக் கடக்கக் கால் விநாடி. ஓட்டத்தில் இருக்கும் நாய் விநாடிக்கு 8 மீட்டர் சாதாரணமாகப் போகும். அதே கால் விநாடியில் 2 மீட்டர் வந்துவிடும். நாணை விடும்போது பாதை காலியாகத்தான் இருந்தது, அம்பு போய்ச் சேரும்போது நாய் குறுக்கே இருக்கிறது என்பது நடக்கக்கூடிய விஷயம். நாயைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் நிற்பதற்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிவிடும். இந்தக் கணக்கில் கீழ்ப்படிதலுக்கு இடமே இல்லை. பூட்டிய கதவுக்குத்தான் இடம்.

இன்னொன்றும் இருக்கிறது. குறிபார்க்கும்போது நமக்குத் தெரிவது குறைவு. வலக்கை வில்லாளி இடது தோளை இலக்குப் பக்கம் வைத்து, தலையை இடப்புறம் திருப்பி நிற்கிறார். இடக்கண்ணை மூடினால் முதுகுப் பக்கத்திலிருந்து இலக்கை நோக்கி வருவது எதுவும் மிகத் தாமதமாகத்தான் கண்ணில் படும். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கதவு மார்புப் பக்கமாகவோ, நிற்கும் கோட்டுக்கு நன்றாகப் பின்னாலோ வரும்படி பாருங்கள். முதுகுப் பக்கத்தில் இலக்குக்கு அருகே ஒரு கதவு இருக்கிறதென்றால், அந்த அறையை விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பதே நல்லது. இடக்கை வில்லாளிக்கு எல்லாமே தலைகீழ்.

இதிலிருந்து வரும் விதி ஒன்றே ஒன்று: நாணேற்றிய வில் கையில் இருந்தால் விலங்கு கதவுக்கு அந்தப் பக்கம். அம்பு தொடுக்காமல் சும்மா இழுத்துப் பார்ப்பதற்கும் இதே விதிதான். அம்பில்லாமல் இழுத்த நாண் விரலிலிருந்து நழுவினால், அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பும். நாண் அறுபடலாம், வில்லின் கை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) பிளந்து சிதறலாம். காலடியில் படுத்திருக்கும் நாய்க்கு அது நல்ல இடமில்லை, உங்கள் முகத்துக்கும் இல்லை.

விலங்கு கூடவே இருக்கும்போது செய்யக்கூடிய பயிற்சி நிறைய உண்டு. வில் பழக்கத்தில் பெரும்பகுதி உடல் நிலையும் முதுகுத் தசையும்தான். அம்பு கடைசியில் வருவது. நீளாத 5 அல்லது 6 மில்லிமீட்டர் கயிற்றை எடுத்து, உங்கள் இழுப்பு நீளத்துக்கு, அதாவது நாணை முழுதாக இழுக்கும்போது வரும் தூரத்துக்கு, சரியாக வளையமாக முடிச்சுப் போடுங்கள். ஒரு முனையை வில் பிடிக்கும் உள்ளங்கையிலும் மறுமுனையை மூன்று விரல் கொக்கியிலும் மாட்டி, நாணைத் தாடையில் பதிப்பது போலப் பதித்து நின்றால், கயிறு நீளாததால் கைத்தசை ஏமாற்ற முடியாது. தோள்பட்டை எலும்புகள் நெருங்குவது தெளிவாகத் தெரியும். விரலைத் தளர்த்தினால் ஒரு கை முன்னும் ஒரு கை பின்னும் தானாகப் போக வேண்டும். பின்கை முகத்தை விட்டு வெளியே விலகிப் போனால் முதுகால் இழுக்கவில்லை என்று பொருள். கயிறு சரியான நீளத்தில் இல்லையென்றால் இந்தப் பயிற்சியே வீண், 2 செ.மீ. குறைந்தாலும் தவறான நிலையை உடல் மனப்பாடம் செய்துவிடும்.

ரப்பர் பட்டையைவிட எனக்குக் கயிறே பிடிக்கும். பட்டை விரிசல் விட்டிருந்தால் இழுத்த நிலையில் அறுந்து கண்ணில் அடிக்கும். நாய் ஒருமுறை கடித்து விளையாடிய பட்டையைத் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம். பல் பதிந்த இடம் கண்ணுக்குத் தெரியாமலே கிழிந்துகொண்டு வரும்.

கயிற்றுப் பயிற்சியின்போது நாய் அறையில் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. நீங்கள் பக்கவாட்டில் திரும்பி, கையை நீட்டி, அசையாமல் நிற்பது அதற்குப் பழகிப்போகும். பல நாய்களுக்கு அந்த நிலையே ஏதோ எறியப் போகிறார் என்ற சைகையாகத் தெரிகிறது. பந்து எடுத்து வரப் பழகிய நாய் முதல் நாளில் முன்னால் ஓடிப்போய்க் காத்து நிற்கும். எதுவும் பறக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை என்றால் சில நாளில் சலித்துப்போய்ப் படுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது அந்தச் சலிப்புதான். அம்பை ஒருபோதும் நாயை எடுத்துவரச் சொல்லாதீர்கள், ரப்பர் முனை வைத்த விளையாட்டு அம்பாக இருந்தாலும். பறக்கும் குச்சியின் பின்னால் ஓடுவது விளையாட்டு என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் அதை மறக்க வைப்பது பெரும்பாடு.

இனி அறை. வீட்டுக்குள் 3 முதல் 5 மீட்டர் கிடைத்தாலே போதும். படம் ஒட்டாத வெற்று இலக்கில், குறி பற்றிக் கவலைப்படாமல் எய்வதற்கு அதுவே சரியான தூரம். இலக்கின் நடுப்பகுதி உங்கள் தோள் உயரத்துக்கு வர வேண்டும். தரையில் வைத்த இலக்கில் இவ்வளவு அருகிலிருந்து கீழ்நோக்கி எய்தால் உடல் நிலை கெடும். தவறிய அம்பு தரையில் பட்டுச் சறுக்கி எங்கும் போகும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வில்லின் மேல்முனை அதன் இறக்கையில் படாத இடத்தில் நில்லுங்கள்.

நுரை இலக்கின் நடுப்பகுதி எய்ய எய்ய இளகிவிடும். அருகிலிருந்து எய்யும்போது அம்பின் வேகம் சிறிதும் குறைந்திருக்காது. ஒவ்வொரு முறை அம்பைப் பிடுங்கும்போதும் இலக்கின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். முனை எட்டிப் பார்க்கத் தொடங்கினால் இலக்கைத் திருப்பி வைக்கவோ அடுக்குகளை மாற்றவோ நேரம் வந்துவிட்டது. பின்னால் சிமெண்டுச் சுவர் மட்டும் இருந்தால் தவறிய அம்பு உடைந்து எகிறி வரும். மெல்லிய ஒட்டுப்பலகையிலும் நம்பிக்கை வேண்டாம். இழுவிசையைப் பொறுத்துத் துளைக்கும் அல்லது திருப்பி அனுப்பும். கனமான ரப்பர் விரிப்பு நல்லது. அம்பு வலை போடுவதானால் தொய்வாகத் தொங்க வேண்டும், அடியில் ஒரு முழம் தரையில் குவிந்து கிடக்க வேண்டும், சுவருக்கும் வலைக்கும் இடையே குறைந்தது அரை மீட்டராவது இருக்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டிய வலையை அம்பு துளைத்துக்கொண்டு போகும். தொய்ந்த வலை அம்போடு சேர்ந்து நகர்ந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும்.

பயிற்சி முடிந்ததும் வலையைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். பூனை ஏறும், நகம் மாட்டும், மிரண்டு சுற்றிக்கொள்ளும்.

கதவைச் சாத்தியதும் அறை காலி என்று நினைத்துவிடக் கூடாது. நாய் எங்கே என்பது சத்தத்திலேயே தெரியும். பூனை விஷயம் வேறு. இலக்குக்குப் பின்னால், வலைக் குவியலுக்குள், அலமாரி மேல், இலக்கின் தலையிலேயே அது உறங்கிக்கொண்டிருக்கும். நகம் தீட்ட நுரை இலக்கைப் போல வாகான பொருள் வேறு கிடையாது. எனவே அதைச் சுற்றியே வரும். ஒவ்வொரு விலங்கையும் கதவுக்கு வெளியே கண்ணால் பார்த்து எண்ணிய பிறகே தாழ்ப்பாள். "உள்ளே இருக்காது" என்பது கணக்கில் சேராது. வெளியே இருப்பவர்களுக்குக் கதவில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவது எளிய ஏற்பாடு. துணி தொங்கினால் யாரும் திறப்பதில்லை, தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் விருந்தினருக்கும், சொல்லி வையுங்கள்.

தோட்டத்தில் எய்வதானால் எல்லாமே கடினமாகிறது. குறைந்த இழுவிசை வில்கூட உயரத் தூக்கி விட்டால் அம்பை நூறு மீட்டருக்கு அப்பால் கொண்டுபோகும். வேலிக்கு வெளியே யார் வீட்டு நாய் படுத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் வில்லை மேலே தூக்கி இழுக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட வேண்டும்; எந்தக் கட்டத்தில் நாண் நழுவினாலும் அம்பு பின்தடுப்புக்குள் போய் விழும் உயரத்திலேயே இழுக்க வேண்டும். புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள். உயரமான புல்லில் தவறிய அம்பு தரையோடு தரையாக நுழைந்து மறைந்துவிடும், நாயின் உள்ளங்கால்தான் அதைக் கண்டுபிடிக்கும். ஆமையோ கோழியோ திரியும் தோட்டத்தில் அவற்றை அடைக்காமல் தொடங்கவே கூடாது. நாயைக் கயிற்றில் கட்டி நிற்கும் கோட்டுக்குப் பின்னால் விடலாமா என்று கேட்பார்கள். கொக்கி கழன்றால் என்ன ஆகும் என்பதை யோசித்தால் விடை தெரியும். நாயை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். உங்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்வது மிக மோசம். முழுதாக இழுத்த நிலையில் நாய் சட்டென்று இழுத்தால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாய்க்குக் கதவுக்கு அப்பாலிருந்து கிடைப்பது அது மட்டும்தான். இரண்டு ஒலிகள். ஒன்று நாணின் அதிர்வு, மற்றொன்று அம்பு இலக்கில் விழும் தொம். பெரும்பாலான நாய்களை மிரட்டுவது இரண்டாவது. பழக்குவதற்குக் கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் சின்ன ஒலிபெருக்கியால் அந்தக் கனத்த ஓசையைத் தர முடியாது. பழகிவிட்டது என்று நினைத்து எய்யத் தொடங்கினால் நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். வெறும் கையை மடக்கி இலக்கைக் குத்துவதே நல்ல தொடக்கம்.

இப்படிச் செய்யுங்கள். நாய் வீட்டின் மறுகோடியில், தெரிந்த ஒருவரோடு இருக்கட்டும். நீங்கள் இலக்கை மெல்ல ஒருமுறை குத்துங்கள். ஓசை கேட்ட உடனே அங்கிருப்பவர் அதற்குப் பிடித்த தின்பண்டத்தில் ஒரு துணுக்குக் கொடுக்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் ஓசை, பிறகு தீனி. மாற்றிச் செய்தால் தீனியே பயத்தின் முன்னறிவிப்பாகிவிடும். நாய் ஓசையைக் கேட்டதும் கொடுப்பவரின் கையைப் பார்க்கத் தொடங்கினால் புரிந்துகொண்டது என்று அர்த்தம். அதன் பிறகு குத்தும் வேகத்தைக் கூட்டலாம், அடுத்து உண்மையான அம்பு, அதன் பிறகு ஓர் அறை அருகே. ஒரே நேரத்தில் ஓசையையும் கூட்டி, தூரத்தையும் குறைக்காதீர்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, காதைப் பின்னால் மடிப்பது, வாலை ஒடுக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் போதும் என்று சொல்கிற அறிகுறிகள். பிடித்த தீனியை வாங்க மறுத்தால் அன்றைக்கு நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்; ஒரு படி பின்னால் போக வேண்டும். அதட்டினாலோ பிடித்து உட்கார வைத்தாலோ பயம் கூடும். பட்டாசுக்கே நடுங்கும் நாய் என்றால் அவசரம் வேண்டாம். அது உலாவப் போயிருக்கும் நேரத்தில் நீங்கள் எய்துகொள்ளுங்கள்.

முயலும் கினிப்பன்றியும் வேட்டையாடப்படும் இனங்கள். திடீர் ஓசைக்கு அவை உடல் முழுதும் துள்ளும். மிரண்டு உதைக்கும்போது முயலுக்கு முதுகெலும்பே முறியக்கூடும். பழக்க முயலாமல் கூண்டைத் தொலைவான அறைக்கு மாற்றிவிடுங்கள்.

ரிகர்வ் வில்லில் (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) கிளிக்கர் வைத்துப் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அம்பு முனை நழுவியதும் "டிக்" என்று அடிக்கும் அந்தத் தகடும், நாய்ப் பயிற்சியில் "சரி" என்று சொல்லப் பயன்படும் கிளிக்கரும் எழுப்புவது ஏறக்குறைய ஒரே ஒலி. நாய்க்கு அந்த டிக் கேட்டால் தீனி வரும் என்று தெரியும். ஒவ்வொரு அம்புக்கும் கதவைப் பிறாண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் விரலில் இருக்கிறது. டிக் கேட்டால் விடு என்று பல்லாயிரம் முறை பழகிய விரல், வீட்டில் யாரோ நாய்க்கு அடிக்கும் கிளிக்கரைக் கேட்டும் விட்டுவிடக்கூடும். இரண்டில் ஒன்றை மாற்றியாக வேண்டும். நாய்க்கு ஒரு சொல்லை மாற்று அடையாளமாகப் பழக்குவது எளிது. அதே போல, ஆபத்தில் எய்வதை நிறுத்த வீட்டார் கத்தும் சொல் நாய்க்கான கட்டளையாக இருக்கக் கூடாது. "நில்" என்று நாயிடம் தினம் பத்து முறை சொல்கிற வீட்டில், அந்தச் சொல் வில்லாளியின் காதில் ஏறாது. ஊதல் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. போட்டிகளில் தொடர்ந்து ஐந்து முறையோ அதற்கு மேலோ ஊதினால் எய்வதை உடனே நிறுத்த வேண்டும், மூன்று முறை ஊதினால் அம்பு எடுக்கப் போகலாம். வீட்டிலும் அதையே பின்பற்றினால் பின்னால் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

கதவுக்கு வெளியே நாய் திடீரென்று குரைக்கத்தான் செய்யும். அப்போது நீங்கள் முழுதாக இழுத்த நிலையில் இருக்கலாம். விடாமல் இறக்கும் பழக்கம் கையில் ஊறியிருக்க வேண்டும்: அம்பை இலக்குக்கு நேராகவே வைத்துக்கொண்டு, வில் பிடித்த கையைத் தளர்த்தாமல், நாணை மெல்லத் திரும்பக் கொண்டு போவது. ஆறு அம்புக்கு ஒன்றையாவது வேண்டுமென்றே இறக்குங்கள். காம்பவுண்ட் வில்லில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) இது கடினம். முழு இழுப்பில் கையில் கொஞ்சமே கனம் தெரியும். இறக்கத் தொடங்கியதும் சக்கரம் உருண்டு முழு விசையும் ஒரேயடியாகக் கையைப் பிடுங்கும். அதற்குத் தயாராக முழங்காலைச் சற்று மடக்கி, தோளைக் கெட்டியாக வையுங்கள். குறி நிலைக்கும்வரை விரல், நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவியின் அழுத்துவிசைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். திடுக்கிடும் கை இயல்பாகவே மூடும். மூடும் விரல் அழுத்துவிசையில் இருந்தால் அம்பு போய்விடும்.

அம்பு எடுக்கும் நேரத்திலும் கதவு மூடியே இருக்கட்டும். இலக்கில் செருகி நிற்கும் அம்புகளின் பின்முனை சிறு நாய்க்கு எட்டாது, பெரிய நாய் பின்காலில் எழும்பி நின்றால் அது கண்ணுக்கு நேர். பிடுங்கும்போது கை பின்னால் தெறிக்கும், அம்பும் அதோடு வரும். ஒரு கையை அம்பு குத்திய இடத்துக்கருகே இலக்கில் அழுத்தி, மறு கையால் அம்பை அடியிலேயே பிடித்து நேராக இழுங்கள். அம்புகளுக்கு எண் போட்டு வைப்பது நல்ல பழக்கம். ஆறு போனால் ஆறும் அம்பறாத்தூணிக்குத் திரும்பும்வரை விலங்கு உள்ளே வரக் கூடாது. முனை, நாக் (நாணில் மாட்டும் பின்முனைத் துண்டு), இறகு எல்லாம் உண்டா என்று பாருங்கள். கார்பன் அம்பு கடினமான இடத்தில் பட்டிருந்தால் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் கேளுங்கள். நெறிபடும் ஓசை வந்தால் அந்த அம்பு குப்பைக்கு. உடைந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்கினால் மட்டும் போதாது. ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். கார்பன் சிம்பு உள்ளங்காலில் ஏறினால் எடுப்பது கடினம், எக்ஸ்ரேயில் எளிதில் தெரியவும் தெரியாது.

நாய் முதலில் கடிப்பது வில்லை அல்ல, ஃபிங்கர் டாபைத்தான் (நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் தோல் துண்டு). தோலும் வியர்வை உப்பும் சேர்ந்த வாசனை அது. கைக்காப்பும் அடுத்த இடத்தில். பூனைக்கு இறகு, நாண், மெழுகு நூல். எல்லாவற்றையும் மூடியுள்ள பெட்டியில் வைப்பதைத் தவிர வழியில்லை. நாணேற்றிய வில்லைச் சுவரில் தொங்கவிட்டுப் போனால் பூனை நாணோடு விளையாடி ஓரிரு இழைகளை அறுத்துவிடும். அடுத்த முறை இழுக்கும்போது மிச்ச இழைகள் தாங்காமல் போகலாம். எய்வதற்கு முன் நாணை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்ற வேண்டும். காம்பவுண்ட் நாணை அதற்கான அழுத்துப்பொறி இல்லாமல் வீட்டில் கழற்றக் கூடாது.

அம்புக்கு இறகு ஒட்டும் வேலையைப் பறவை இருக்கும் அறையில் செய்யவே வேண்டாம். உடனடிப் பசை, அசிட்டோன், சூடாக்கிய பசைக்கட்டி இவற்றின் ஆவி கிளிக்கும் லவ்பேர்ட்ஸுக்கும் நம்மைவிட வேகமாகத் தீங்கு செய்யும். அவற்றின் நுரையீரல் காற்றிலுள்ளதை அவ்வளவு திறமையாக உறிஞ்சிக்கொள்கிறது.

பூனை நாண் இழையையோ நூலையோ விழுங்கி, வாயிலோ ஆசனவாயிலோ முனை தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை நாக்கின் அடியிலோ குடலிலோ மாட்டியிருக்கும். இழுத்தால் குடல் சுருங்கிக் கிழிபடும். வெட்டவும் வேண்டாம், அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். நுரைத் துண்டையோ அம்பின் நாக் துண்டையோ விழுங்கிய நாய் வாந்தி எடுத்துச் சாப்பிட மறுத்தாலும் காத்திருக்கக் கூடாது. வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். அம்பு தைத்துவிட்டால் அதைப் பிடுங்குவது இரத்தத்தைத் திறந்துவிடுவதாகும். அம்பு ஆடாதபடி சுற்றிலும் துணியைச் சுருட்டி வைத்து, விலங்கை அசையவிடாமல், முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். வலியில் எந்த நாயும் கடிக்கும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் மட்டும் வாயைத் துணியால் கட்டலாம். அருகிலுள்ள இரவு நேரக் கால்நடை மருத்துவமனையின் எண்ணைப் பயிற்சி அறைக் கதவின் உள்பக்கத்தில் இப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள்.